அந்த இரயில் எங்கே போகிறது?

ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பு இரவில், கையில் எரியும் திரியோடு நாம் நமது திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். சாத்தானையும் அவனுடைய செயல்களையும் விட்டுவிடுகிறோமா என்று குரு வினவ, ஆம் என்னும் விடை கோயில் முழுவதும் ஒரே குரலாய் எழுகிறது. அவ்வேளையில் நம் மக்களின் மனக்கண்ணில் தோன்றும் சாத்தான் எப்படிப்பட்டவன்? அந்தோணியார் திருத்தலங்களில் தலைவிரி கோலமாய்ச் சுழன்றாடும் ஏதோ ஓர் ஏழைப் பெண்ணின் உருவமே பெரும்பாலும் தோன்றும். தீய ஆவி என்றால் அது தனி மனிதரைப் பிடிக்கும், பிடித்தால் கத்தும், ஆடும், செபித்தால் ஓடும். நமது கற்பனை அந்த அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் கத்தாமலும் ஆடாமலும், சீருடை அணிந்து, மேசைக்குப் பின்னே அமர்ந்து, கோப்புகளில் முத்திரையிட்டு, ஒரு நாட்டையே பிடித்துக்கொள்ளும் ஆவிகள் உண்டா?

உண்டு என்கிறார் பவுலடியார். நமது போராட்டம் வெறும் மனிதரோடு மட்டும் நடப்பதன்று, தலைமை ஏற்பவர், அதிகாரம் செலுத்துவோர் என்று அவர் வரிசைப்படுத்தும் ஆற்றல்களோடு நடப்பது (காண். எபே 6:12). கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் இவ்வாற்றல்களைப் பற்றி இரு முக்கியச் செய்திகளைத் தருகிறார். அவை கிறிஸ்து வழியாய், கிறிஸ்துவுக்காகவே படைக்கப்பட்டவை (1:16). தம் எல்லையை மீறி இறைவனின் இடத்தில் அமர முயன்ற அவற்றின் படைக்கலங்களைக் கிறிஸ்து சிலுவையில் பறித்து, அவற்றை உலகறிய நாணச் செய்தார் (2:15). ஆகவே ஆட்சியும் அதிகாரமும் தம்மிலே தீயவை அல்ல. மனிதர் கூடி வாழ அவை வேண்டும். அவை தமக்குரிய பணியை மறந்து, தம்மையே வழிபடக் கேட்கும்போதுதான் பேயாகின்றன. உரோமையர் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தில் கடவுளின் பணியாளராய் நிற்கும் அரசு, திருவெளிப்பாடு நூலின் 13-ஆம் அதிகாரத்தில் விலங்காய் மாறிவிடுகிறது. இரண்டு அதிகாரங்களும் ஒரே விவிலியத்தில்தான் உள்ளன.

ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கொள்ளைக் கூட்டம் அன்று. அக்காலத்தின் மிகச் சிறந்த சட்டமாகிய உரோமைச் சட்டமும், மிகப் புனிதமான அமைப்பாகிய எருசலேம் ஆலயமும் கைகோத்தே அதைச் செய்தன. பிலாத்துக்கு இயேசுவின்மேல் தனிப்பட்ட பகை இல்லை. கயபாவும் நாட்டின் நலனைப் பற்றித்தான் பேசினார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தனர். கூட்டிப் பார்த்தால் மாசற்றவர் ஒருவர் கொல்லப்பட்டார்.

ஜெர்மானிய விவிலிய அறிஞர் ஹைன்ரிக் ஷ்லியர், நாத்சி ஆட்சியை நேரில் கண்டவர். 1953-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர். 1958-இல் இவ்வாற்றல்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், எபேசியர் திருமுகம் தீய ஆற்றலை வான்வெளியோடு இணைத்துப் பேசுவதற்கு (2:2) ஆழ்ந்த பொருள் காண்கிறது. நாம் அறியாமலே சுவாசிக்கும் காற்றைப்போல, ஒரு காலத்தின் பொது மனநிலையாய் அது நமக்குள் புகுகிறது என்கிறார் அவர். 'காத்துக் கருப்பு' என்று நம் மூதாட்டிமார் சொல்வதை நாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டோம். தனி மனிதரைப் பிடிக்கும் காற்றைவிட, ஊரே சேர்ந்து சுவாசிக்கும் காற்றுக்கு அஞ்ச வேண்டும் என்பதை நாம் இன்னும் கற்கவில்லை. அதைக் கற்க ஒரு மறைமாவட்டத்தின் வரலாறு நமக்கு உதவும்.

ஒரு மறைமாவட்டத்தின் கதை

ஆஸ்திரியாவின் வடபகுதியில் உள்ளது லின்ஸ் மறைமாவட்டம். ஆழமான கத்தோலிக்க மண். அங்குள்ள பிரௌனாவ் நகரில் 1889-இல் பிறந்து திருமுழுக்குப் பெற்ற குழந்தைதான் அடால்ஃப் ஹிட்லர். யூதர்களை நாடெங்குமிருந்து இரயில்களில் ஏற்றி வதை முகாம்களுக்கு அனுப்பும் பணியை ஒழுங்கு செய்த ஐக்மன் வளர்ந்ததும் லின்ஸ் நகரில்தான். அதே மறைமாவட்டத்தில், பிரௌனாவுக்குத் தொலைவில் இல்லாத புனித ராடெகுண்ட் என்ற சிற்றூரில், 1907 மே 20-இல் ஒரு பண்ணைப் பணிப்பெண்ணுக்கு மகனாய்ப் பிறந்தவர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். பெற்றோர் மணம் முடிக்க வசதியற்றவர்கள். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். பின்னர்த் தாயை மணந்த விவசாயியின் பெயரே இவருக்கும் ஆயிற்று.

இளமையில் ஃபிரான்ஸ் ஒன்றும் துறவி அல்லர். ஊரில் முதன்முதலாய் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்; மணத்திற்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானவர். 1936-ஆம் ஆண்டுப் பெரிய வியாழனன்று ஃபிரான்சிஸ்காவை மணந்து, இருவரும் உரோமைக்குத் திருப்பயணம் சென்று திரும்பிய பின் அவரது வாழ்வு புதிய பாதையில் நடந்தது. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். ஏர், மாடு, செபம், திருப்பலி என்று நாள்கள் சென்றன. பிறகு அவ்வூர் ஆலயத்தின் கோயிற்பிள்ளையாகவும் பணியாற்றினார்.

1938 சனவரியில் ஒரு நாள் இரவு அவர் கனவு ஒன்று கண்டார். மலையைச் சுற்றி அழகியதோர் இரயில் வருகிறது. பெரியவர்களும் சிறுவர்களும் அதை நோக்கி ஓடுகிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. அப்போது அந்த இரயில் நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் கனவின் பொருள் முதலில் அவருக்கு விளங்கவில்லை. இரண்டே மாதங்களில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. பின்னாளில் அக்கனவை எழுதி வைத்தபோது, அந்த இரயில் நாத்சி இயக்கமே என்று தெளிந்தார். ஒரு தனி மனிதரையோ ஒரு கட்சியையோ மட்டும் அவர் சுட்டவில்லை. அதன் சங்கங்கள், இளைஞர் அணிகள், நன்கொடை வசூல்கள் ஆகிய அனைத்தும் அந்த இரயிலின் பெட்டிகள் என்று கண்டார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஓர் உழவர், பவுலடியாரின் 'ஆற்றல்கள்' எவை என்பதை இறையியலார் பலரைவிடத் தெளிவாய்க் கண்டுகொண்டார்.

இரயில் ஏறியவர்கள்

இரயிலில் ஏறிய கூட்டம் சிறியதன்று. அதில் மேய்ப்பர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. 1933 சனவரியிலேயே லின்ஸ் ஆயர் க்ஃபெல்னர், நல்ல கத்தோலிக்கராயும் உண்மையான நாத்சியாயும் ஒருவர் ஒருங்கே இருத்தல் இயலாது என்று மேய்ப்புப்பணி மடல் எழுதியவர். 1937-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரும் ஜெர்மன் மொழியிலேயே சுற்றுமடல் வரைந்து அவ்வாட்சியின் கொள்கைகளைக் கண்டித்தார். ஆனால் 1938 மார்ச்சில் காற்று மாறியது. ஆஸ்திரிய ஆயர்கள் இணைப்பை வரவேற்று அறிக்கை விட்டனர். அதனுடன் சென்ற கடிதத்தில் வியன்னாக் கர்தினால் இன்னிட்சர் தம் கையாலேயே ஹிட்லரை வாழ்த்தும் சொற்களை எழுதினார். ஏப்ரல் 10-இல் நடந்த வாக்கெடுப்பில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் 'ஆம்' என்றனர். புனித ராடெகுண்டில் 'இல்லை' என்று வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவரே. அந்த ஒரு வாக்கையும் உள்ளூர் அலுவலர்கள் மறைத்து, ஊர் முழுவதும் ஒருமனதாய் இசைந்ததாகவே மேலிடத்துக்கு எழுதினர். ஒரே ஒரு மறுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ள இயலாத அளவுக்கு அந்த மாபெரும் வல்லமை அச்சம் நிறைந்ததாய் இருந்தது.

மறுப்பு என்பது அவருக்குப் பேச்சோடு நிற்கவில்லை. ஊர்த்தலைவர் பொறுப்பை ஏற்குமாறு கேட்டபோது மறுத்தார். குழந்தைகளுக்கென அரசு தந்த உதவித்தொகையை வாங்கவில்லை. ஆலங்கட்டி மழையால் பயிர் அழிந்தபோது தரப்பட்ட நிவாரணத்தையும் வேண்டாமென்றார். இதில் அப்படி என்ன தீமை என்று அயலார் கேட்டனர். அந்தக் கேள்வியில்தான் இத்தகைய ஆற்றல்களின் தந்திரம் அடங்கியிருக்கிறது. அவை முதலில் கொலை செய்யச் சொல்வதில்லை. உதவித்தொகை தருகின்றன, உறுப்பினர் அட்டை தருகின்றன, கை உயர்த்தி வணங்கினால் போதும் என்கின்றன. ஒவ்வொரு படியும் சிறியது. இறங்கி முடித்த பிறகுதான் எவ்வளவு ஆழத்திற்கு வந்துவிட்டோம் என்று தெரிகிறது.

அந்த ஆழம் லின்ஸ் நகருக்கு மிக அருகிலேயே இருந்தது. ஹார்ட்ஹைம் மாளிகையில் 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட ஊனமுற்றோரும் மனநோயாளரும் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். அங்கும் மருத்துவர் இருந்தனர், செவிலியர் இருந்தனர், இறப்புச் சான்றிதழ் எழுத எழுத்தர்கள் இருந்தனர்.

கனவில் வந்தது போலவே மெய்யான இரயில்களும் ஓடின. ஜெர்மன் இரயில்வே துறை, வதை முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதர்களுக்கு முறைப்படி கட்டணம் கணக்கிட்டது. மூன்றாம் வகுப்பு வீதம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி. நான்கு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். நானூறு பேருக்குக் குறையாமல் ஏற்றினால் குழுச் சலுகை. போகும் பயணத்திற்கு மட்டுமே கட்டணம். காவலர்களுக்கு மட்டும் திரும்பி வரவும் சீட்டு. இக்கணக்கை எழுதியவர்கள் யாரையும் அடித்ததில்லை. ஒருவேளை யாரையும் வெறுத்ததுமில்லை. மாலையில் வீடு திரும்பித் தம் குழந்தைகளைக் கொஞ்சியிருப்பார்கள். நாலு வயதுக் குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை என்று ஒரு துறையின் சட்டம் சொல்லும்போது, அக்குழந்தை எங்கே போகிறது என்று கேட்கும் மனச்சான்றை அத்துறையின் ஆவி உறங்கச் செய்துவிட்டது. பிற்காலத்தில் 1961-இல் எருசலேமில் விசாரிக்கப்பட்ட ஐக்மன், தாம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாகவே திரும்பத் திரும்பக் கூறினார்.

ஆயரின் அறிவுரை

ஃபிரான்ஸ் முன்னரே 1940-இல் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, சில மாதங்கள் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அங்கே கண்டதும் கேட்டதும், இனி இப்போரில் பங்கேற்பது பாவம் என்ற உறுதியை அவருக்குத் தந்தன. ஆயினும் தம் தீர்ப்பையே நம்பி நடக்க அவர் விரும்பவில்லை. குருக்களிடம் கேட்டார். இறுதியில் லின்ஸ் நகருக்குச் சென்று, க்ஃபெல்னருக்குப் பின் பொறுப்பேற்றிருந்த ஆயர் ஃபிலீசரையே சந்தித்தார். போர் நீதியானதா என்று தீர்ப்பிடுவது குடிமகனின் பொறுப்பன்று. மனைவி மக்களைக் காப்பதே உம் கடமை என்ற பொருளில் ஆயர் அறிவுரை கூறினார். வெளியே காத்திருந்த மனைவியிடம் ஃபிரான்ஸ், அவர்கள் அஞ்சுகிறார்கள் என்ற வருத்தத்தையே பகிர்ந்துகொண்டார். ஊர்ப் பங்கின் பொறுப்பில் இருந்த இளம் குருவும் அவர் மனத்தை மாற்றவே முயன்றார்.

இவர்களை நாம் எளிதில் பழிக்கலாகாது. ஒரு குடும்பம் சிதையக் கூடாது, ஓர் உயிர் போகக் கூடாது என்ற இரக்கம் அவர்கள் சொற்களில் இருந்தது. குருக்கள் பலர் ஏற்கனவே சிறையிலும் முகாமிலும் இருந்த காலம் அது. ஆனால் இரக்கத்தின் குரலில்கூட அந்தக் காற்று பேசக்கூடும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் அதிர்ச்சி.

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பாணை வந்தது. மார்ச் முதல் நாள் என்ஸ் நகர இராணுவ முகாமுக்குச் சென்று, ஆயுதம் ஏந்திப் போரிட மாட்டேன் என்று அறிவித்தார். காயமுற்றோரைப் பேணும் பணியை ஏற்க முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. முதலில் லின்ஸ் சிறை. பின்பு பெர்லினில் டேகல் சிறை. ஜூலை 6-இல் பேரரசின் போர் நீதிமன்றம் அவருக்கு மரணத் தண்டனை விதித்தது. அம்மாதத்திலேயே ஃபிரான்சிஸ்காவும் பங்குக் குருவும் பெர்லினுக்குச் சென்று அவரைச் சிறிது நேரம் கண்டனர். இதே காரணத்துக்காக, ஹிட்லருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்து, முந்திய ஆண்டில் உயிர்விட்ட ரைனிஷ் என்ற குருவைப் பற்றிச் சிறைக் குரு சொல்லக் கேட்டபோது ஃபிரான்ஸ் பெரும் ஆறுதல் பெற்றார். தாம் தனியாள் அல்லர் என்று அவர் அறிந்துகொண்டார். 1943 ஆகஸ்டு 9-இல் பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36.

இறந்த பின்பும் அந்தக் காற்று ஓயவில்லை. போர் முடிந்து, ஹிட்லரும் ஒழிந்த பின்னர், 1946-இல் ஃபிரான்ஸைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட ஆயர் ஃபிலீசர் இசையவில்லை. கடமையை நிறைவேற்றிப் போர்க்களத்தில் மாண்ட இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. குடும்பத்தைக் கைவிட்டவன் என்று ஊராரும் பேசினர். போரில் இறந்தோரின் மனைவியர்க்கு உரிய உதவித்தொகை ஃபிரான்சிஸ்காவுக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. ஆட்சி விழுந்தாலும் அதன் ஆவி மனிதரின் நாவில் குடியிருக்கக்கூடும்.

உண்மை மெல்ல மெல்லவே வெளிவந்தது. அமெரிக்கச் சமூகவியலார் கோர்டன் சான் 1964-இல் அவர் வாழ்வை நூலாக்கினார். மறு ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இந்த உழவரின் சாட்சியத்தை ஆயர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர், ஒருகாலத்தில் நம் பம்பாயின் பேராயராய் இருந்து, இந்தியர் ஒருவருக்கு அப்பொறுப்பு கிடைக்க வேண்டுமென வழிவிட்ட இயேசு சபைத் துறவி தாமஸ் ராபர்ட்ஸ் என்பது நமக்குப் பெருமை. 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏடு, மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போருக்கு மனிதநேயமுள்ள சட்டங்கள் வேண்டுமென 79-ஆம் எண்ணில் கேட்டது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கியது. 2007 அக்டோபர் 26-இல் அதே லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸ் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். 94 வயது ஃபிரான்சிஸ்கா அங்கே இருந்தார். அதற்குப் பின் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் கழித்து, நூறு வயது நிறைந்து, அவர் கண்மூடினார்.

நம் மேசைக்கு வந்த கேள்வி

அமைப்புகளுக்குப் பின்னே ஆற்றல்கள் உண்டு என்று சொல்வதால், தனி மனிதரின் பொறுப்பு குறைந்துவிடுமா? குறையாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' பற்றிப் பேசும்போது, அவை தனி மனிதரின் பாவங்களிலிருந்தே முளைத்து வேர்விடுகின்றன என்பதை வற்புறுத்துகிறார். நாம் சிறிது சிறிதாய் ஊற்றும் நீரில்தான் அந்த மரம் வளர்கிறது. அமெரிக்க அறிஞர் வால்ட்டர் விங்க், ஒவ்வோர் அமைப்பின் உள்ளிருக்கும் மனப்பாங்கே இந்த ஆற்றல் என்றார். தீய ஆவிகள் அறிவும் விருப்பமும் உடையவர்கள் என்பது நம் விசுவாசமாதலால், அவர் கருத்தை முழுவதும் நாம் ஏற்க இயலாது. எனினும் திருவெளிப்பாடு நூலில் ஆண்டவரின் கடிதங்கள் ஒவ்வொரு சபையின் வானதூதருக்கும் எழுதப்பட்டுள்ளதை அவர் சுட்டிக்காட்டியது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சபைக்கும் ஓர் ஆவி உண்டு. அதற்கும் கண்டனம் உண்டு. அதற்கும் மனமாற்றம் வேண்டும்.

இதை எழுதும்போது என் நினைவில் ஒருவர் வருகிறார். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராய் இருந்த பங்கு மக்களுள் ஒருவர் மாலை நேரத்தில் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவரது அலுவலகத்தில் வாரக் கடைசியில் மாமூல் பிரிக்கப்படும். அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆனால் அவர் பங்கு ஓர் உறையில் வைக்கப்பட்டு அவர் மேசை இழுப்பறையில் கிடக்கும். யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "சாமி, வாங்காவிட்டால் என்னைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் என்ன செய்ய?" என்றார்.

நான் சிறிது நேரம் யோசித்தேன். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். "பொறுமையாய் இருங்கள். நீங்கள் ஒருவர் மறுப்பதால் எதுவும் மாறிவிடாது. பிள்ளைகளை நினையுங்கள். அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். "சரி சாமி" என்று எழுந்து போனார். அதன் பின் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை.

அன்று நான் சொன்னது இரக்கம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஃபிரான்ஸின் வாழ்வைப் படித்தபோது, ஆயர் ஃபிலீசரின் அறையில் ஒலித்த குரலை அடையாளம் கண்டேன். அது என் குரல். அந்த மனிதர் என்னிடம் கேட்டது, மறுப்பதால் உலகம் மாறுமா என்பதன்று. தாம் எந்த இரயிலில் அமர்ந்திருக்கிறோம் என்றுதான் அவர் கேட்டார். அதற்கு நான் விடை சொல்லாமல், பெட்டியில் வசதியாய் உட்காரும் வழியைச் சொல்லி அனுப்பினேன். அவருடைய பிள்ளைகளைக் காட்டி நான் காத்தது, உண்மையில் என் அமைதியைத்தான்.

ஃபிரான்ஸுக்கும் மூன்று பெண் பிள்ளைகள் இருந்தனர். அவர் இறந்ததால் போர் ஒரு நாள் முன்னதாக முடியவில்லை. இரயில் நிற்கவுமில்லை. ஆனால் அது நரகத்துக்குப் போகும் இரயில் என்பதையும், அதில் ஏறாதிருக்க மனிதரால் இயலும் என்பதையும் ஓர் உழவர் தம் உயிரால் எழுதி வைத்தார். எல்லாரும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதே தீய ஆற்றல்கள் சொல்லும் முதற்பொய். ஒரே ஒருவர் ஏற மறுத்தாலும் அந்தப் பொய் உடைந்துவிடுகிறது. சிலுவையில் கிறிஸ்து பறித்த படைக்கலம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால், அதே லின்ஸ் மறைமாவட்டத்தின் ஒரு சிற்றாலயத்திற்கே நாம் வந்து சேர்கிறோம். அங்கே பெற்ற திருமுழுக்கு, அங்கே கற்ற மறைக்கல்வி, அங்கே உட்கொண்ட நற்கருணை ஆகியவையே அவரைத் தாங்கின. தயங்கிய திருச்சபையும் தாங்கிய திருச்சபையும் ஒன்றே. இது நம்மைத் தாழ்மைப்படுத்தும் உண்மை. நம்பிக்கை தரும் உண்மையும் கூட.

அடுத்த பாஸ்கா இரவில் நான் மீண்டும் அதே கேள்வியைக் கேட்பேன். நீங்களும் திரியை ஏந்தி அதே விடையைத் தருவீர்கள். அந்த எழுத்தர் இன்னும் உயிரோடு இருக்கிறார், பின்வரிசையில்தான் அமர்வார். இம்முறை கேள்வியைக் கேட்குமுன், திருவிழாவுக்கு முந்திய ஒரு மாலையில் அவர் வீட்டிற்குச் சென்று, அன்று நான் சொன்னது தவறு என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமையில்லை.